ஈசிஜி அக்காவின் கிரகம்

எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே, கதவு எப்போதும் முக்கால்வாசிதான் மூடும் ஓர் அறை அந்த ஆஸ்பத்திரியில் உண்டு. உள்ளே ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரை, ஈசிஜி எடுக்கும் இயந்திரம், ஊரில் எல்லோரும் வேண்டாமென்று ஒதுக்கிய பிறகு அங்கே வந்து சேர்ந்த கம்ப்யூட்டர். இருபத்திரண்டு ஆண்டுகளில் இயந்திரம் நாலு தடவை மாறியது, திரை மூன்று தடவை கிழிந்தது. மாறாமலும் கிழியாமலும் இருந்தவர் அக்கா ஒருவர்தான். தலைமை மருத்துவர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் ஈசிஜி அக்கா. சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருப்பதாக ஒரு வதந்தி உலவியது, யாரும் நம்பவில்லை.

ஒரு நாளைக்கு அறுபது பேர். நெஞ்சில் ஆறு வயர், கை கால்களில் நாலு. "சட்டையைக் கழட்டுங்க, போனைத் தள்ளி வைங்க, காலை ஆட்டாதீங்க." இயந்திரம் விர்ரென்று காகிதத்தைத் துப்பும். இப்படி ஏறக்குறைய நாலு லட்சம் இதயங்கள் அக்காவின் கைவழியே கோடுகளாக இறங்கிப் போயிருந்தன. அவற்றில் எது ஆரோக்கியமாக ஓடுகிறது, எது நொண்டுகிறது, எது நாளைக்குள் நின்றுவிடும் என்பதெல்லாம் காகிதம் பாதி வெளியே வரும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் சொல்லக் கூடாது.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே பெரிய டாக்டர் இதைத் தெளிவாக்கிவிட்டார். "நீங்க கோட்டை எடுங்கம்மா. படிக்கிறதுக்கு நான் இருக்கேன்."

அன்று முதல், கட்டிலிலிருந்து எழுந்து பொத்தானைப் போட்டுக்கொண்டே "என்னம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் அக்காவின் பதில் ஒன்றுதான்: "டாக்டர் சொல்வாரு." டாக்டரோ அந்தக் கோட்டைப் பதினோரு விநாடி பார்த்துவிட்டு, அக்காவுக்கு அரை மணி நேரம் முன்பே தெரிந்ததைச் சொல்வார். சட்டத்தை மீறாமல் அக்கா ஒரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கோடு நன்றாக இருந்தால் காகிதத்தை நடந்து கொண்டுபோய்க் கொடுப்பார். மோசமாக இருந்தால் ஓடுவார். டாக்டரும் மரியாதை தெரிந்தவர், செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டால் காபியைக் கீழே வைத்துவிடுவார். இதைப்பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை ஈசிஜி காகிதம் தீர்ந்துபோயிற்று. கொள்முதல் பிரிவைக் கேட்டால், "காகிதம் வாங்கக் காகிதம் அனுப்பியிருக்கோம்" என்றார்கள். இரண்டு நாள் வேலை இல்லை. அக்கா கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, இதயக் கோடுகளைப் பற்றி எதையோ தேடப் போனவர், வழி தவறி வேறொரு பக்கத்தில் போய் நின்றார். திரையில் ஒரு கோடு. நடுங்கி நடுங்கிப் போகும் புள்ளிகள். அதற்குக் கீழே, நடை பழகும் குழந்தை போன்ற ஒரு தமிழில் ஒரு கேள்வி: 'இக்கோட்டில் நீங்கள் சரிவு காண்கிறீர்களா? உங்கள் கருத்தைக் கூறுக.'

அக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கருத்தைக் கூற வேண்டுமாமே! பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு கோட்டைக் காட்டி அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கோட்டை உற்றுப் பார்த்தார். ஓரிடத்தில் திடீரென்று குதித்து இறங்கியிருந்தது. இது அவருக்குத் தெரிந்த சமாசாரம். தட்டினார்: 'லீட் வயர் கழன்றிருக்கிறது. நோயாளியைப் படுக்கவைத்து மறுபடி எடுக்கவும்.'

மறுநாள் பதில் வந்திருந்தது. எழுதியவர் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் அம்மையார். 'நோயாளி ஒரு நட்சத்திரம். அறுநூறு ஒளியாண்டு தொலைவில் இருக்கிறார், படுக்கவைக்க வசதிப்படவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது சரி. அந்த நேரத்தில் எங்கள் விண்கலம் ஆடிவிட்டது. இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?'

விஷயம் இதுதான். வெகு தொலைவில் ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றி ஒரு கிரகம். கிரகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ஆனால் நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே அது போகும்போது, டி.வி. பார்க்கிறவர்களின் குறுக்கே நடக்கிற விருந்தாளியைப் போல, வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கும். கோடு இறங்கும், சிறிது நேரம் அப்படியே கிடக்கும், மறுபடி ஏறும். விண்கலம் லட்சக்கணக்கான நட்சத்திரங்களை அளந்து கோடுகளைக் கொட்டிக்கொண்டே இருந்தது. பார்த்து முடிக்க ஆள் போதாமல், விருப்பமுள்ள பொதுமக்களும் வரலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள்.

அக்கா உள்ளே போனார். பிறகு வெளியே வரவே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம், பேருந்து, ஞாயிற்றுக்கிழமை என்று மூன்று ஆண்டுகளில் பதினோராயிரம் நட்சத்திரங்களைப் பார்த்து முடித்தார். பள்ளம் கூர்மையாக இருந்தால் அது இரட்டை நட்சத்திரம், ஒன்றையொன்று உரசிக்கொள்கிறது; குடும்பத் தகராறு, நாம் தலையிடக் கூடாது. எல்லா நட்சத்திரமும் ஒரே நேரத்தில் சரிந்தால் விண்கலத்துக்குத்தான் உடம்பு சரியில்லை. பள்ளத்தின் அடி வாணலியைப் போலத் தட்டையாக இருந்தால்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த இணையதளத்தில் அவருடைய பெயரும் 'ஈசிஜி அக்கா'தான். உலகத்தின் மறுபக்கத்தில், அக்காவுக்குப் பகல் என்றால் தனக்கு இரவு என்கிற ஊரில் இருந்த ஒரு பல் டாக்டர், அறுபத்து மூன்று வயதில், அவரை விழுந்து விழுந்து அக்கா என்று கூப்பிட்டார். அவரிடம் சொந்தமாக ஒரு தொலைநோக்கி இருந்தது. "இத்தனை வருஷமா சின்னப் பள்ளத்தையே பார்த்துட்டிருந்தேன்க்கா. அதான் கொஞ்சம் பெருசாப் பார்க்கலாம்னு."

அக்காவின் கிரகம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் வந்தது. எண்ணை மட்டுமே பெயராகக் கொண்ட ஒரு சாதாரண நட்சத்திரம். பத்து மணி நேரம் நீண்ட ஒரு சரிவு. அடி தட்டை. ஆழம் நூற்றில் ஒரு பங்கு. அதிலிருந்து நூற்று அறுபத்தொரு நாளும் சில மணி நேரமும் தள்ளி இன்னொரு சரிவு. முதலாவதைப் பிரதி எடுத்ததுபோல இருந்தது. அக்கா டிபன் பாக்ஸை மூடி வைத்தார்.

ஆனால் இந்தத் துறையில் ஒரு நியதி உண்டு. ஒரு முறை சரிந்தால் தற்செயல். இரண்டு முறை சரிந்தால் சந்தேகம். மூன்றாவது முறையும் சொன்ன நேரத்தில் சரிந்தால்தான் பட்டியலில் இடம். விண்கலமோ அதற்குள் வானத்தின் வேறு மூலைக்குத் திரும்பிவிட்டது; இனி தரையிலிருந்துதான் யாராவது பார்த்தாக வேண்டும். அடுத்த சரிவு வரும் நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். தவறவிட்டால் நாலாவது சரிவின்போது அந்த நட்சத்திரம் சூரியன் இருக்கும் பக்கம் போய்விடும். ஐந்தாவது வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அக்கா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோட்டைப் பற்றித் தன் வாயால் சொன்ன சொல், சொல்லாததாகவே ஆகிவிடும்.

இந்தப் பெரிய செய்தியை வீட்டில் சொன்னார். கணவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர் வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடும்.

"என்னங்க, நான் ஒரு கிரகம் கண்டுபிடிச்சிருக்கேன்."

"எங்க வச்சிருக்க?"

"அறுநூத்தி நாப்பது ஒளியாண்டு தூரத்துலங்க."

கணவர் சற்று யோசித்தார். "லைசென்ஸ் இருக்கா அதுக்கு?"

"மூணாவது தடவை குறுக்கே போச்சுன்னா கிடைச்சிடும்."

"குறுக்கே போறதுக்கெல்லாம் நாங்க லைசென்ஸைப் பிடுங்குவோம்," என்றார். அதோடு சரி. ஆனால் மறுநாளிலிருந்து அக்கா கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினால் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அந்த வீட்டில் அது பெரிய மரியாதை.

மூன்றாவது மாடியில் குடியிருந்த நாத்தனார் விஷயமே வேறு. திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். குடியிருப்பின் நாற்பது வீட்டு ஜன்னலையும் அளந்தவர். எனவே கிரகம் வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் விசாரணை நடந்தது.

"அண்ணி, உங்க கிரகத்துல தண்ணி இருக்கா?"

"அதெல்லாம் தெரியாதுடி. பெரிய வாயு உருண்டையா இருக்கும்."

"தண்ணி இல்லாத இடம்தான் இங்க மூணாவது மாடியிலயே இருக்கே. அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போனீங்க?" என்பார். பிறகு குரலை இறக்கி, "இருக்கிற கிரகங்க நம்மளைப் படுத்துற பாடு போதாதுன்னு நீங்க வேற புதுசா ஒண்ணைக் கிளப்பி விடுறீங்களே" என்று முடிப்பார்.

கணக்குக்கு வருவோம். தளத்தில் ஒவ்வொரு சரிவின் நேரத்தையும் ஒரு நீண்ட எண்ணாகக் கொடுத்திருப்பார்கள். எப்போதோ தொடங்கி விடாமல் எண்ணிக்கொண்டே வந்த நாட்கள். புள்ளிக்குப் பின்னால் நாளின் பின்னம். இதை நம் ஊர்த் தேதி, மணியாக மாற்றித் தர அங்கேயே ஒரு பொத்தானும் இருந்தது. அக்கா அதை அழுத்தவில்லை. இயந்திரம் தானாகச் சொல்லும் முடிவை நம்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஈசிஜி இயந்திரமும் கோட்டின் மேலே தன் கருத்தை அச்சடித்துத்தான் தரும். ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியவனுக்கும் 'மாரடைப்பாக இருக்கலாம்' என்று போடும். ஒருமுறை யாரும் படுக்காத காலிக் கட்டிலுக்கே போட்டது. ஆகவே அக்கா ஈசிஜி காகிதத்தின் பின்பக்கம் கையால் பெருக்கினார், கூட்டினார், இரண்டு தடவை சரிபார்த்தார். வியாழக்கிழமை இரவு பத்து இருபதுக்குச் சரிவு தொடங்கும். எல்லோரும் பார்க்கத் தளத்தில் போட்டார்.

பல் டாக்டர் மிகவும் வருத்தப்பட்டார். "அப்ப எனக்குக் காலை பத்து மணி, அக்கா. வெயில் காயும். நான் பல்லுதான் பார்க்க முடியும்."

எனவே அந்தப் பொறுப்பை அக்காவின் நகரத்து வானியல் மன்றம் ஏற்றுக்கொண்டது. மன்றத்தில் மொத்தம் ஆறு பேர். அவர்களில் நாலு பேர் தலைவர்கள். ஒரு பள்ளிக்கூட மொட்டை மாடியில் தொலைநோக்கியை ஏற்றி, இருட்டியதிலிருந்து விடியும் வரை அந்த ஒரே நட்சத்திரத்தைப் படமெடுத்தார்கள். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. மேகத்தின் மேல் பழி போடக்கூட வழியில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா கண்விழித்து முதலில் பார்த்தது அவர்கள் அனுப்பிய கோட்டைத்தான். தட்டை. முழுத் தட்டை. அக்காவின் தொழிலில் தட்டைக் கோடு என்றால் ஒன்று வயர் போயிருக்க வேண்டும், இல்லை ஆள் போயிருக்க வேண்டும். கீழே மன்றத்தின் முதல் தலைவர் எழுதியிருந்தார்: 'சரிவு இல்லை.' இரண்டாம் தலைவர் அதை ஆமோதித்திருந்தார். ஆய்வாளர் அம்மையாரும் ஒரு வரி எழுதியிருந்தார்: 'வருந்துகிறேன். உங்கள் ஊர் நேரப்படி இன்று மாலை பட்டியலைத் திருத்துகிறோம். அப்போது இதை நீக்கிவிடுவோம்.'

படிக்கட்டில் நாத்தனார் நின்றிருந்தார். அவருக்குச் செய்தி எப்படி வந்ததென்று கேட்பது வீண்.

"வரலையாமே அண்ணி?"

"வரலை."

நாத்தனார் கேலி செய்யவில்லை. "சரி விடுங்க. தூரத்துல இருந்து வர்றவங்க நேரத்துக்கு வர மாட்டாங்க," என்றார். அதுதான் அக்காவை அதிகமாகச் சுட்டது.

எட்டேகாலுக்கு அறையைத் திறந்தார். முதல் ஆள் ஒரு ரொட்டிக்காரர். பேக்கரி அடுப்பு முன்னால் முப்பது வருஷம் நின்றவர்; காது மடலில் கூட மாவு இருந்தது. சீட்டில் 'நெஞ்சு எரிச்சல், இன்று காலை முதல்' என்று எழுதியிருந்தது. வயரை மாட்டிக்கொண்டே அக்கா வழக்கம்போல விசாரித்தார்.

"காலையில எத்தனை மணியிலேர்ந்து?"

"காலையிலதாங்க. ஒரு பன்னெண்டரை இருக்கும்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு இருபது. "இன்னும் பன்னெண்டு ஆகலையே?"

"நேத்து மத்தியானம் பன்னெண்டரைங்க. எனக்கு அதான் காலை. சாயங்காலம் மாவு பிசைய ஆரம்பிச்சா விடியிற வரைக்கும் அடுப்புதான். மத்தியானம் எழுந்து பல்லு விளக்குவேன்."

"அப்ப நேத்துன்னுதானே எழுதச் சொல்லணும்? சீட்டுல இன்னிக்குன்னு போட்டிருக்கே!"

ரொட்டிக்காரருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "எங்க பேக்கரியில தேதி மத்தியானம்தாங்க மாறும். ராத்திரி வேலை செய்யிறவனுக்கு நடு ராத்திரியில தேதி மாறினா எப்படி? ஒரே அடுப்புல போட்ட ரொட்டி பாதி நேத்து ரொட்டி, பாதி இன்னிக்கு ரொட்டின்னு ஆயிடும்ல? அதனால பதிவேட்டுல பகல் பன்னெண்டுக்குத்தான் புதுத் தேதி போடுவோம். ராத்திரி முழிக்கிற எல்லாரும் அப்படித்தாங்க இருக்கணும், யோசிச்சுப் பாருங்க."

அக்கா யோசித்துப் பார்த்தார். அவர் கையில் மாட்ட வேண்டிய வயர் தன் கையிலேயே இருந்தது. ராத்திரி முழிக்கிற எல்லோரும். உலகத்தில் ரொட்டிக்காரர்களைவிடப் பழைய காலத்திலிருந்து ராத்திரி முழிக்கிறவர்கள் யார்? ஒரே இரவில் பார்த்த நட்சத்திரத்தைப் பாதி நேற்று, பாதி இன்று என்று எழுத எந்த வானியல்காரன் சம்மதிப்பான்?

"காலை ஆட்டாதீங்க," என்றார், ரொட்டிக்காரர் கல் மாதிரி கிடந்தபோதும். கோடு வந்தது. நல்ல கோடு, எரிச்சல் வயிற்றின் வேலை. அதை எடுத்துக்கொண்டு அக்கா வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நல்ல கோட்டோடு ஓடினார். பெரிய டாக்டர் காபியைக் கீழே வைத்து, காகிதத்தைப் பார்த்து, திருப்பிப் பார்த்து, "என்னம்மா இது, ஒண்ணுமே இல்லையே?" என்று கேட்பதற்குள் அக்கா திரும்பி ஓடிவிட்டிருந்தார்.

கம்ப்யூட்டரில் தளத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்தார். யாரும் படிக்காத அந்தப் பக்கத்தின் ஏழாவது பத்தியில் இருந்தது: இந்த நாள் எண் நள்ளிரவில் அல்ல, நண்பகலில் தொடங்குகிறது. மூன்று ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது. அக்கா ஒவ்வொரு நாளையும் நள்ளிரவிலிருந்து எண்ணிவிட்டார். சரியாகப் பன்னிரண்டு மணி நேரப் பிழை. கிரகம் வராமல் போகவில்லை. அது இன்னும் வரவே இல்லை. இன்று காலை பத்து இருபதுக்கு வருகிறது. இப்போது எட்டு நாற்பது.

வெளியே வெயில். மன்றத்தின் ஆறு பேரும் தூங்கப் போயிருந்தார்கள். தூங்காவிட்டாலும் சூரியனை அணைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் உலகத்தின் மறுபக்கத்தில் இப்போது இரவு எட்டு நாற்பது. அக்கா போனை எடுத்தார்.

பல் டாக்டர் கிசுகிசுத்தார். பின்னால் தட்டு, கரண்டிச் சத்தம் கேட்டது. "அக்கா, இப்ப பேச முடியாது. பொண்ணு வீட்ல இருக்கேன். விருந்து. சம்பந்தி ரெண்டு பேரும் எதிர்ல."

"வானம் எப்படி இருக்கு?"

"என்னது?"

"ஜன்னல் வழியாப் பாருங்க. நட்சத்திரம் தெரியுதா?"

"தெளிவாத்தான் இருக்கு. ஏன்க்கா, அதான் தட்டையாப் போச்சே? நானும் பார்த்தேன். மனசு கேக்கல."

அக்கா சொன்னார். ரொட்டிக்காரரை விட்டுவிட்டு மற்றதை மூன்று வாக்கியத்தில் சொன்னார்.

"சோத்துல கை வச்சுட்டேன்க்கா," என்றார் பல் டாக்டர். "இப்ப பாதியில எழுந்தா சம்பந்தியம்மா ஆயுசுக்கும் பேசுவாங்க. போன தடவை உப்பு கேட்டதையே இன்னும் பேசுறாங்க."

"நீங்க எழுந்திருக்கலைன்னா, தனக்காகப் பேச யாரும் இல்லாம ஒரு கிரகம் பட்டியல்லேர்ந்து அடிபட்டுப் போயிடும் டாக்டர்."

"தொலைநோக்கி கார் ஷெட்ல, துணிக்கூடைக்குக் கீழ இருக்கு."

"வீடு எவ்வளவு தூரம்?"

"இருபது நிமிஷம்." ஒரு பெருமூச்சு. பிறகு போனை மூடாமலே, உரத்த குரலில் வேறு யாரிடமோ அவர் சொல்வது கேட்டது. "மன்னிக்கணும் சம்பந்தி. அவசரக் கேஸ். ரொம்பத் தூரத்துல இருந்து வருது. இன்னிக்கு விட்டா அப்புறம் எப்பக் கிடைக்கும்னே சொல்ல முடியாது." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துவிட வேண்டும்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அது வயர் மாட்டுவதைவிடக் கடினம். எல்லோரும் பார்க்கிற இடத்தில் அக்கா எழுதினார்: 'மன்றத்தார் பார்த்தது சரி. என் கணக்குத் தவறு. ஒவ்வொரு நாளையும் நள்ளிரவிலிருந்து எண்ணிவிட்டேன். சரிவு இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் தொடங்கும். தயவுசெய்து மாலைவரை காத்திருக்கவும்.' எழுதி முடித்துப் பார்த்தால் தோற்றவன் சொல்லும் சாக்குபோலவே இருந்தது. ஆனாலும் அனுப்பினார். முதல் தலைவர் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். அம்மையார் எழுதினார்: 'எண்ணைச் சரிபார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம், ஆமாம். நானும் கவனிக்கவில்லை. காத்திருக்கிறேன்.'

அதற்குப் பிறகு அறையில் நடந்ததை ஒழுங்காகச் சொல்வது சிரமம். திரைக்கு இந்தப் பக்கம் ஒருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில், பல் டாக்டரின் தொலைநோக்கியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வந்து விழும். ஒன்பது ஐம்பதுக்கு முதல் புள்ளி விழுந்தது. சரிவுக்கு முன்னால் நட்சத்திரம் எப்படி இருக்கிறதென்று தெரிய வேண்டுமல்லவா, அதற்கு அரை மணி நேரம் கிடைத்ததே பெரிது. பத்து மணி, தட்டை. ஒரு பாட்டியம்மாவுக்குக் கோடு எடுத்தார். பத்து இருபது, தட்டை. கனமான ஒரு போலீஸ்காரருக்கு எடுத்தார். பத்து முப்பது. தட்டை.

போனில் பல் டாக்டர் குரல் மெலிந்திருந்தது. "அக்கா, சம்பந்தி வீட்ல இப்ப என்ன பேசிக்கிட்டிருப்பாங்கன்னு நினைச்சுப் பார்த்தேன்."

"நினைக்காதீங்க. பெரிய கிரகம் உள்ள நுழையவே ஒரு மணி நேரம் ஆகும். டக்குனு விழாது."

பத்து நாற்பதுக்கு விழுந்த புள்ளி மயிரிழை கீழே இருந்தது. நாற்பத்தைந்தில் இன்னும் கொஞ்சம். ஐம்பதில் சந்தேகமில்லாமல்.

"மேகம் வந்திருக்குமோ?" என்றார் பல் டாக்டர். நல்ல செய்தியை முதலில் நம்பாதிருப்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம்.

"பக்கத்து நட்சத்திரங்களைப் பாருங்க. அதுங்களும் மங்கிச்சா?"

"இருங்க… இல்லக்கா. அதுங்கல்லாம் அப்படியே இருக்கு."

"மேகம்னா தெருவுக்கே கரண்ட் போன மாதிரி எல்லாம் மங்கும். ஒரு வீடு மட்டும் மங்கினா அந்த வீட்டுலதான் ஏதோ நடக்குது. தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி எடுங்க, கேமராவுல அழுக்கான்னு பார்த்துடலாம்."

ஈசிஜியிலும் அக்கா இப்படித்தான் ஒரு வயரைக் கழற்றி இன்னொன்றை மாற்றிப் பார்ப்பார். நகர்த்தி எடுத்தார்கள். புள்ளி தன் இடத்திலேயே விழுந்தது. பதினொன்றரைக்குக் கோடு நூற்றில் ஒரு பங்கு இறங்கி, அங்கே சமமாக ஓடத் தொடங்கியது. வாணலியின் அடி.

பல் டாக்டர் ஏதோ சொன்னார்; அவர் தொழிலில் ஊசி போட்டு வாய் மரத்துப்போனவர்களிடமிருந்துதான் கேட்கக் கூடிய குழறல் அது. மன்றத்தாரில் விழித்திருந்த இருவர் வாழ்த்தினார்கள். அம்மையாரிடமிருந்து செய்தி வந்தது: 'பார்த்தேன். கிரகத்தின் எடையை வேறு கருவியால் அளக்க வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும். ஆனால் இது பட்டியலில் இருக்கும். முடிவுக் குறிப்பை நீங்களே எழுதுங்கள். கண்டவர்தான் எழுத வேண்டும்.'

கீழே ஒரு வெற்றுப் பெட்டி. அதில் கர்சர் மினுக் மினுக்கென்று காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். காலையில் நல்ல கோட்டோடு ஓடிவந்தது அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. திரையை விலக்கியவர் கம்ப்யூட்டரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரும்மா இந்தப் பேஷண்ட்? என்ன இப்படி இறங்கிக் கிடக்கு?"

"ஒரு நிமிஷம் டாக்டர்," என்றார் அக்கா, திரும்பாமலே.

இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த அறையில் டாக்டரை யாரும் ஒரு நிமிஷம் இருக்கச் சொன்னதில்லை. எங்கே இருப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. நாற்காலி ஒன்றுதான், அதில் அக்கா இருந்தார். எனவே கட்டிலில் உட்கார்ந்தார்.

அக்கா ஒற்றை விரலால் தட்டினார், தட்டியதை வாய்விட்டுப் படித்தார். "மூணாவது சரிவு. அடி தட்டை. ஆழம் முதல் ரெண்டு தடவை மாதிரியே. பக்கத்து நட்சத்திரங்கள்ல மாற்றம் இல்லை. கருவிக் கோளாறு இல்லை. இது கிரகம்."

"கிரகமா?" என்றார் டாக்டர்.

"நட்சத்திரத்துக்குக் குறுக்க போகுது டாக்டர். சாயங்காலம் எட்டரை வரைக்கும் போகும்."

டாக்டர் எழுந்து கிட்டே வந்து கோட்டைப் பார்த்தார். பதினோரு விநாடி தாண்டியது, இருபது ஆயிற்று, ஒரு நிமிடம் ஆயிற்று. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நிச்சயமாச் சொல்றீங்களா?"

"நிச்சயமாச் சொல்றேன்."

அக்கா அனுப்பும் பொத்தானை அழுத்தினார். டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார். கண்ணில் படும் எந்தக் கோட்டின் கீழும் கையெழுத்துப் போட்டே பழகியவர். திரையின் கீழ் ஓரம், மேல் ஓரம், பக்கவாட்டு எல்லாம் தேடினார். அவர் கையெழுத்துக்கு அங்கே இடம் வைத்திருக்கவில்லை.

பேனாவை மூடி உள்ளே வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கும்மா கோடு," என்றார்.